மேசை, மரம், பெரியது, ஒன்று

“எழுதியாச்சா?”

சமையலறையிலிருந்து வந்த கேள்வி. காலையிலிருந்து இது ஆறாவது தடவை.

“எழுதிட்டே இருக்கேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஒரு டேபிளைப் பத்தி ஒரு வரி எழுத மூணு நாளா? நானா இருந்தா இந்நேரம் ஒரு டேபிளே செஞ்சு முடிச்சிருப்பேன்.”

ஸ்டோர் சார் பேனா மூடியைக் கழற்றினார். வாயைத் திறந்தால் ஏழாவது கேள்வி சமையலறையிலிருந்து வராது, நேரில் வரும் என்பது அவருக்குத் தெரியும். எந்த மேசையை வீட்டை விட்டு அனுப்புவதற்காக விளம்பரம் எழுத வேண்டுமோ, அதே மேசையின் மேல்தான் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் சங்கதிதான் எழுதப்படுகிறது என்று தெரிந்துவிட்டதோ என்னவோ, மேசை அன்றைக்கு வழக்கத்தை விடக் கொஞ்சம் அதிகமாகவே ஆடியது.

தெருவில் அவரை ஸ்டோர் சார் என்றால்தான் தெரியும். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்; அவரும் தபாலை நீட்டும்போது ‘ஸ்டோர் சார்’ என்றுதான் கூப்பிடுவார். தண்ணீர்க் குழாய் இலாகாவின் சரக்குக் கிடங்கில் முப்பத்து நாலு வருஷம் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கிடங்குக்குள் எது வந்தாலும், எது போனாலும், பதிவேட்டில் இங்கிலீஷில் ஒரு வரி எழுத வேண்டும். முதலில் பொருளின் பெயர். அப்புறம் அது எப்படிப்பட்டது என்பது. கடைசியில் எத்தனை. ‘சேர், வுட்டன், புரோக்கன், ஒன்.’ ‘பக்கெட், அயர்ன், ரஸ்ட்டி, ஃபோர்.’ துருப்பிடித்த நாலு இரும்பு வாளியைப் பற்றி உலகத்தில் இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது அவர் கட்சி.

கழித்துக்கட்ட வேண்டிய சாமானுக்குப் பக்கத்தில் ‘அன்சர்வீசபிள்’ என்று போடுவார்கள். இனி எதற்கும் உதவாது என்று அர்த்தம். அந்த வார்த்தையை ஆயிரக்கணக்கான சாமான்களுக்குக் கை நடுங்காமல் எழுதியவர் ஸ்டோர் சார். மேலதிகாரி ஒருவரின் நாற்காலிக்கு, அவர் அதில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதினார் என்றும் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட கை, மூன்று நாளாக ‘டேபிள்’ என்ற ஒரே வார்த்தையோடு நின்றுவிட்டது.

வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

“இங்க பாருங்க. ஞாயித்துக்கிழமை பொண்ணும் மாப்பிள்ளையும் வர்றாங்க. மாப்பிள்ளை இந்த வீட்டுல காலடி வைக்கிறது இதான் முதல் தடவை. அவர் உக்காந்து முதல் வாய் எடுக்கும்போது தட்டு வழுக்கிட்டு இந்தப் பக்கம் வந்தா என்ன நெனைப்பார்?”

“டேபிள் ஆடுதுன்னு நெனைப்பார்.”

“குடும்பமே ஆடுதுன்னு நெனைப்பார்!”

ஒரே பெண். வெளிநாட்டில் வேலை, போன வருஷம் கல்யாணமும் அங்கேயே. இவர்கள் இரண்டு பேரும் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் கண்ட சாப்பாட்டு மேசை வீட்டம்மாவின் மனசில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. வழுவழுவென்று வெள்ளை வெளேரென்று, முகம் பார்க்கலாம் போல இருந்ததாம். அதே ஜாடையில் ஒன்று வாங்கியும் ஆகிவிட்டது. ஒல்லியாக, மடக்கி விரிக்கிற மாதிரி. பழசு போனால்தான் அதற்கு இடம் என்பதால், படுக்கையறையில் அட்டைப் பெட்டிக்குள் புது மருமகள் மாதிரி சாய்ந்து நின்றது.

“காசு ஒண்ணும் வேணாம். தூக்கிட்டுப் போனா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள போயிடணும். பொண்ணுகிட்ட மூச்சு விடக்கூடாது, தெரியுதா? வந்து பார்த்து அவ அசந்து போகணும்.”

வேண்டாத சாமானை வேண்டியவருக்குச் சும்மா கொடுக்கிற பக்கம் ஒன்று போனில் இருந்தது. அதில் எல்லாமே இங்கிலீஷ். வீட்டம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. அதனால் பக்கத்து வீட்டு நர்ஸை அமர்த்தியிருந்தார். ஸ்டோர் சார் எழுதுவதை நர்ஸ் போனில் ஏற்ற வேண்டும். என்ன எழுதியிருக்கிறார் என்று வீட்டம்மாவுக்குப் படித்தும் சொல்ல வேண்டும். கணவர் மேல் அவ்வளவு நம்பிக்கை.

ஸ்டோர் சார் மேசையைப் பார்த்தார். பொய் எழுதிப் பழக்கமில்லாத கை. ஆனால் உண்மையிலும் நல்லது, கெட்டது என்று இரண்டு வகை இருக்கிறதே. கெட்டதை மட்டும் பொறுக்கி எழுதினால் எவன் வருவான்? எவனும் வராவிட்டால் மேசை எங்கே போகும்? அவர் முகம் மூன்று நாளில் முதல் தடவையாகத் தெளிந்தது.

‘டேபிள், வுட்டன், ஓல்ட், ஹெவி, ஒன்.’

“பழசு, கனம்னு எழுதியிருக்கார்,” என்றாள் நர்ஸ்.

“பழசுதானே? கனம்தானே? சரி, போடு,” என்றார் வீட்டம்மா.

சாயங்காலத்துக்குள் பதினெட்டுப் பேர் கேட்டிருந்தார்கள்.

“பழசையா?” ஸ்டோர் சார் போனை எட்டிப் பார்த்தார். “கனத்தையா?”

“இப்போ பழசுக்குத்தான் சார் மவுசு,” என்றாள் நர்ஸ். “எங்க ஆஸ்பத்திரியில மட்டும்தான் பழசை யாரும் மதிக்கிறதில்லை.”

மறுநாள் காலையில் முதல் ஆளே வந்து இறங்கிவிட்டார். காபிக் கடைக்காரர். தலைமுடியைக் குடுமி மாதிரி முடிந்திருந்தார். மேசையைக் கண்டதும் குனிந்து, கன்னத்தை அதன் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“ஐயோ, கீறல்!” என்றார்.

“ஆமா, நிறைய இருக்கு,” என்றார் ஸ்டோர் சார் ஆசையாக. “போகாது. எதைப் போட்டுத் தேய்ச்சாலும் போகாது.”

“போகக்கூடாது சார்! புது மேசை வாங்கி, ஆள் வச்சு, இப்படிக் கீறல் போடச் சொல்லி நாங்க கூலி குடுக்கிறோம். உங்களுக்கு இதை யாரு போட்டுக் குடுத்தா?”

ஸ்டோர் சாரின் விரல் ஒரு கீறலின் மேல் போய் நின்றது.

போட்டுக் கொடுத்த ஆளுக்கு அப்போது வயது எட்டு. ஆபீஸிலிருந்து வந்ததும் இந்த மேசையில்தான் ஸ்டோர் சார் அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார். சமையலறையிலிருந்து மூன்று கரண்டி எடுத்து வந்து வரிசையாக வைப்பார். மருந்துக் கரண்டி, ஸ்மால். சாப்பிடுகிற கரண்டி, பிக். குழம்புக் கரண்டி, பிக்கர். “இதைவிடப் பெரிசு இந்த வீட்டுல எது?” என்று கேட்பார். அவள் யோசிக்காமல், “அம்மா குரல், பிக்கஸ்ட்!” என்பாள். அந்த பிக்கஸ்டும் சரியாக அந்த நேரம் பார்த்து, “என் கரண்டி எங்க?” என்று சமையலறையிலிருந்து கிளம்பும். இரண்டு பேரும் மேசைக்கடியில் ஒளிந்துகொள்வார்கள். வீட்டுக்காரர், அரசாங்க உத்தியோகஸ்தர், மேசைக்கடியில்.

பள்ளிக்கூடத்தில் குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னபோது பெண் மூன்றே வரி எழுதினாள். ‘ஃபாதர், தின், ஒன். மதர், ஆங்ரி, ஒன். டாட்டர், ஸ்டபர்ன், ஒன்.’ ஒல்லி அப்பா ஒன்று, கோபக்கார அம்மா ஒன்று, பிடிவாதக்காரப் பெண் ஒன்று. டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

“குழந்தைக்கு வீட்டுல இங்கிலீஷ் யார் சொல்லித்தர்றாங்க?”

“நான்தான்.”

“தயவுசெஞ்சு நிறுத்திடுங்க.”

ஸ்டோர் சார் தலை நிமிர்ந்து வீட்டுக்கு வந்தார். பதிவு மூன்றும் சரி, எண்ணிக்கையும் சரி, வேறென்ன வேண்டும்? வீட்டம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்து, இரண்டாவது வரி எவ்வளவு சரி என்பதை நிரூபித்துக் காட்டினார்.

“சார்? யாரு போட்டதுன்னு கேட்டேன்,” என்றார் காபிக் கடைக்காரர்.

“ஒரு ஆள்,” என்றார் ஸ்டோர் சார். “இப்போ இங்க இல்லை.”

நல்ல காலம், காபிக் கடையின் வாசல் மேசையை விடச் சின்னது. அளந்து பார்த்துவிட்டு அந்த மனிதர் அழாத குறையாகப் போனார். இந்த வீட்டு வாசலும் அப்படித்தான் என்பதை அவர் கவனிக்கவில்லை. கல்யாணமான புதிதில், தச்சரை வீட்டுக்கே வரவழைத்து அறைக்குள்ளேயே செய்த மேசை அது. உள்ளே வந்ததே இல்லை என்பதால், வெளியே போவது பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

‘பழசு’ என்று சும்மா சொன்னதுதான் தப்பு என்று ஸ்டோர் சாருக்குப் பட்டது. எவ்வளவு பழசு, எதைவிடப் பழசு என்று ஒப்பிட்டுச் சொன்னால் ஓடிவிடுவார்கள். பழைய பதிவை எடுக்கச் சொல்லிவிட்டு, புதிதாக எழுதினார். பெண்ணை விட வயதில் மூத்தது, ‘ஓல்டர் தேன் மை டாட்டர்’. தன் செருப்பை விட அசிங்கம், ‘அக்லியர் தேன் மை ஸ்லிப்பர்ஸ்’. தன் முழங்காலை விடப் பலவீனம், ‘வீக்கர் தேன் மை நீஸ்’. கடைசியில், விடாமல், ‘ஒன்’.

நர்ஸ் படித்துக்காட்டினாள். வீட்டம்மா கணவரின் செருப்பைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். மறுக்க ஒன்றும் அகப்படவில்லை. “போடு,” என்றார்.

இந்தத் தடவை வந்தவர் நாடகக் குழுக்காரர்.

“முழங்காலை விட வீக்குன்னு போட்டிருந்தீங்க. உண்மைதானே?”

“சத்தியமா. தொட்டா விழுந்துடும்.”

“அதான் சார் வேணும்! மூணாவது காட்சியில ஹீரோ கோவத்துல ஓங்கி ஒரு குத்து விடுவாரு. டேபிள் ரெண்டா உடையணும். ஊரெல்லாம் தேடிட்டேன், இப்போ வர்றதெல்லாம் இரும்பு.”

ஸ்டோர் சார் மேசையின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டார். கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போடும்போது அப்பாக்கள் வைத்துக்கொள்வார்களே, அந்த மாதிரி.

“உடைக்கப் போறீங்களா?”

“இப்பவே பார்த்துடலாம்,” என்று அந்த மனிதர் கையை மடக்கி, மூச்சை இழுத்து, ஓங்கி ஒரு குத்து விட்டார்.

மேசை ஆடியது. அது எப்போதும் ஆடுவதுதான். நாடகக்காரரின் குரல்தான் மூன்றாவது தெரு வரைக்கும் கேட்டது. நர்ஸ் ஓடிவந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டாள். “முழங்காலை விட வீக்காம்! யாரு முழங்கால்?” என்று புலம்பிக்கொண்டே அவர் படி இறங்கினார்.

ஸ்டோர் சார் மேசையைத் தட்டிக்கொடுத்தார். வீட்டம்மா அதைப் பார்த்துவிட்டார்.

“நீங்க வேணும்னே பண்றீங்க.”

“நானா? உள்ளதைத்தானே எழுதினேன்?”

“உள்ளதுல நல்லதே கிடையாதா?”

அந்தக் கேள்வியில் அவருக்கு ஒரு வழி தெரிந்தது. மட்டம் தட்டினால் வருகிறார்கள். தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால்? சும்மா கொடுக்கிற சாமானை இவ்வளவு புகழ்கிறானே, ஏதோ வில்லங்கம் என்று பயந்து ஒதுங்கிவிட மாட்டார்களா? உடனே எழுதினார். தெருவிலேயே பெரியது, ‘பிக்கஸ்ட்’. ஊரிலேயே உறுதியானது, ‘ஸ்ட்ராங்கஸ்ட்’. ஒரு மனிதன் உட்கார்ந்து சாப்பிட்டதிலேயே சிறந்தது, ‘பெஸ்ட்’. வேண்டுமானால் ஒரு நாடகக்காரரைக் கேட்டுக்கொள்ளவும்.

அப்புறம் நடந்ததைத் தெருவே சொல்லும். கடைசி வரியைப் படித்துச் சிரித்தவர்கள் அதை நாலு பேருக்கு அனுப்ப, அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்ப, ஊர் ஊராக, தேசம் தேசமாக மேசை சுற்றியது. வாசலில் வரிசை. ஒருவர் அளக்கிற நாடாவோடு, ஒருவர் மாமியாரோடு. ‘ஸ்ட்ராங்கஸ்ட்’ என்பதை நம்பாத ஒருவர் மேலே ஏறிக் குதித்தும் பார்த்தார்.

புதன்கிழமை மத்தியானம் வீட்டம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டார். “போதும் உங்க இங்கிலீஷ். நர்ஸம்மா, வரிசையில முதல் ஆள் யாரோ அவங்களுக்குக் குடுத்து விஷயத்தை முடி.”

“ஒரே ஒரு தடவை,” என்றார் ஸ்டோர் சார்.

அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்ததால் வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கிடங்குல ஒரு சாமான் வெளிய போறதுக்கு முன்னாடி அதோட நிலைமையை முழுசா எழுதணும். பாக்கி விடாம. அதுதான் முறை. அதை எழுதிடறேன். அப்புறம் யார் கேட்டாலும் குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

இங்கேயும் ஒரு கள்ளத்தனம் இருந்தது. இத்தனை ஓட்டை உடைசலை வரிசையாகப் பார்த்தால் வரிசையில் நிற்பவன் கலைந்துவிடுவான் என்ற கடைசி நம்பிக்கை. ஆனால் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி ஊர்ந்தபோது அது மறந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

‘ஸ்க்ராட்ச், லாங், ஒன்.’ நீளமான கீறல். காம்பஸ் முனையால் போட்டது. கணக்கில் வாங்கிய மார்க்கைக் காட்டப் பயந்து அவள் பேசாமல் கீறிக்கொண்டே இருந்த சாயங்காலம். ‘ஸ்க்ராட்ச், ஷார்ட்டர், டூ.’ அதைவிடச் சின்னது இரண்டு. அடுத்த பரீட்சை, மார்க் கொஞ்சம் தேவலை. ‘ஸ்டெயின், ப்ளூ, ஒன்.’ மை கொட்டியது அவளில்லை. அவர்தான். பழி மட்டும் அவள் மேல், அவளும் காட்டிக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டாவது பதிவுக்கு வந்தபோது எழுதுவதை நிறுத்தி விரலால் தடவினார். ‘ரிங், ரவுண்ட், வைட், ஒன்.’ வெள்ளையாக ஒரு வட்டம். சூடான பால் டம்ளர் வைத்த இடம். குடிக்க மாட்டேன் என்று இவள், குடிக்காமல் எழுந்திருக்கக்கூடாது என்று அம்மா. இரண்டு மணி நேரம். பால் ஆறிப்போய், ஏடு கட்டி, அம்மாவும் ஆறிப்போன பிறகு அந்த டம்ளரை எடுத்தார்கள். வட்டம் போகவில்லை. ஸ்டபர்ன் என்ற வார்த்தையை அவர் சொல்லிக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் பதிவு, நாலாவது கால். மற்ற மூன்றையும் விடக் குட்டை, ‘ஷார்ட்டர் தேன் அதர்ஸ்’. அவள் இந்த வீட்டிலிருந்து கிளம்பின வருஷம் இற்றுப்போனது. அடியில் அவளுடைய பழைய நோட்டு அட்டையை மடித்து வைத்திருக்கிறது. அப்படியும் ஆடும்.

மொத்தம் இருபத்தேழு பதிவு. ‘அன்சர்வீசபிள்’ மட்டும் எழுதவில்லை.

நர்ஸ் அதை ஏற்றிவிட்டு வீட்டம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னாள். வட்டம் வந்தபோது வீட்டம்மா, “அது டம்ளர் இல்லை, கிண்ணம்,” என்று ஆரம்பித்து, “இல்ல, டம்ளர்தான்,” என்று முடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார். அடுப்பில் அப்போது ஒன்றும் இல்லை.

ஸ்டோர் சார் கணக்குப் போட்டது நடந்தது. இருபத்தேழு குறைகளைப் படித்ததும் வரிசை கலைந்தது. வியாழக்கிழமை காலையில் ஒரு ஆள்கூட இல்லை. அவர் இரண்டாவது காபி கேட்டுக் குடித்தார்.

மத்தியானம் நர்ஸ் வந்தாள்.

“சார், ஒருத்தர் கேட்டிருக்காங்க. பேரு இல்லை, முகம் இல்லை. ஒரு ஸ்பூன் படம் மட்டும் போட்டிருக்காங்க.”

“ஸ்பூனா?”

“ஆமா. வந்து பார்க்க வேணாமாம். வண்டி அவங்களே அனுப்புறாங்களாம். ஆனா ஒரு கண்டிஷன். இருபத்தேழும் இருக்கணுமாம். பாலிஷ் போடக்கூடாது, தேய்க்கக்கூடாது. முக்கியமா அந்தப் பன்னிரண்டாம் நம்பர் வட்டம். ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துக்க மாட்டாங்களாம்.”

ஸ்டோர் சாருக்குக் காபி கசந்தது.

“ஹோட்டல்காரனாத்தான் இருக்கும். ஸ்பூனைப் படமா வேற எவன் வைப்பான்? நாளைக்கே ஆயிரம் பேர் உக்காந்து ஆயிரம் டம்ளர் வைப்பான். அதுல எந்த வட்டம் எதுன்னு எவனுக்குத் தெரியும்?”

“கேட்டவங்க இவங்க ஒருத்தர்தான்,” என்றார் வீட்டம்மா. சொல்லும்போது அவர் மேசையைப் பார்க்கவில்லை. “வாக்குக் குடுத்திருக்கீங்க.”

வாக்கு என்றால் வாக்கு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது. டிரைவரும் இரண்டு சுமைக்காரர்களும் மேசையைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுவந்து, நேராகப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், நிமிர்த்தி நடக்க வைத்துப் பார்த்தார்கள். முன்னங்கால் இரண்டும் தெருவுக்கு வந்தன. மீதி வர மாட்டேன் என்றது.

“இது எப்படி சார் உள்ள வந்துச்சு?”

“வரவே இல்லை,” என்றார் ஸ்டோர் சார், கொஞ்சம் பெருமையாகவே.

மேசை வாசலில் மாட்டியதில் உள்ளே இருந்தவர்கள் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவர்கள் உள்ளே போக முடியவில்லை. பால்காரர் மேசைக்கடியில் கையை நீட்டிப் பாலைக் கொடுத்தார். தச்சரைக் கூப்பிட்டு, கதவைக் கழற்றி, நிலையையும் பெயர்த்து எடுத்தார்கள். நிலையோடு கொஞ்சம் சுவரும் வந்தது. வீடு பல் விழுந்த வாய் மாதிரி திறந்து கிடந்தது. மத்தியானம் ஒரு மணிக்கு மேசை தெருவில் நின்றது. வெயில் பட்டு அது நிற்பது அதன் ஆயுளில் முதல் தடவை.

தெருவே கூடியிருந்தது. ஸ்டோர் சார் சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார்.

“இதுல ஒரு நோட்டு அட்டை இருக்கு. நாலாவது காலுக்கு அடியில வைக்கிறது. நாலா மடிக்கணும், நீலப் பக்கம் கீழ. தொலைச்சிடாதீங்க.”

“சரி சார்.”

“ஓரத்தை இடிச்சுடாதீங்க. இந்தப் பக்கம் மழை கிழை பட்டா உப்பும்.”

“சரி சார்.”

“ஆடும். ஆடினா கோவப்படாதீங்கன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. அது ஒரு பழக்கம்தான்.”

வீட்டம்மா முந்தானையை எச்சில் பண்ணி, மேசை மேல் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் துடைத்தார். வட்டத்தின் பக்கத்தில் வந்ததும் கை நின்றது. அதைச் சுற்றி, அதன் மேல் படாமல், துடைத்தார்.

“வெளிச்சத்துல பார்த்தா,” என்றார் மெதுவாக, “அவ்வளவு மோசமா ஒண்ணும் இல்லை.”

“இப்போ சொல்லு,” என்றார் ஸ்டோர் சார்.

“நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல, குடுக்க மனசு இல்லைன்னு?”

“நீ கேக்கவே இல்லையே.”

இரண்டு பேரும் நடுத்தெருவில் மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவராக நின்றார்கள். சாப்பாடு வருவதற்காகக் காத்திருப்பவர்கள் போல இருந்தது. நர்ஸ் மூக்கை உறிஞ்சினாள்.

“அண்ணே, ஏத்திடலாமா? எங்க இறக்கணும்?” என்று சுமைக்காரர் குரல் கொடுத்தார்.

டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறக்கும் இடம் எழுதிய சீட்டை அப்போதுதான் பிரித்தார். படித்தார். கழற்றி வைத்திருந்த கதவில் இருந்த வீட்டு நம்பரைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

“இறக்குற இடமும் இதே வீடுதான் போட்டிருக்கு சார், அனுப்பினவங்க பேரு இல்லை, ‘டாட்டர், ஸ்டபர்ன், ஒன்’னு மட்டும் எழுதியிருக்கு.”